திங்கட்கிழமைக் கல்யாணத்து வெளிச்சம்

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஓர் உரக்கடைக்கு மேல்மாடியில், ஜன்னல் இல்லாத அறையில் உட்கார்ந்துகொண்டு ஊரார் கல்யாணத்துக்கெல்லாம் சூரியன் உதிக்க வைத்துக்கொண்டிருந்தேன். இரண்டாயிரத்து நாலு வாக்கில் அதுதான் என் வேலை. வீடியோக்காரர்கள் கேசட்டைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். நான் வெட்டி, ஒட்டி, பாட்டுச் சேர்த்து, பெயர் போட்டு, சிடியாக்கிக் கொடுப்பேன். மிக்ஸிங் என்று சொல்வோம். எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. 'ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில விழுமாம் துள்ளி' என்று அம்மா என்னைப் பார்த்துச் சொல்லாத நாள் கிடையாது.

கேமராவுக்கு எதிரே சூரியன் வந்துவிட்டால் படத்தில் வட்டம் வட்டமாக ஒளி சிதறும். படம் எடுப்பவர்கள் அதற்குப் பயந்து கையை வைத்து மறைப்பார்கள். கம்ப்யூட்டரில் நாங்கள் அதையே வேண்டுமென்று போடுவோம். லென்ஸ் ஃப்ளேர் என்று பெயர். மணமக்கள் பெயர் தங்க எழுத்தில் சுழன்று வந்து நிற்கும். இடது ஓரத்திலிருந்து ஒரு வெளிச்சம் கிளம்பி எழுத்துகளைத் தடவிக்கொண்டே போய் வலது ஓரத்தில் மறையும். எனக்கு இதை யாரும் சொல்லித்தரவில்லை. ஒவ்வொரு மெனுவாகத் திறந்து, கெடுத்து, மறுபடி செய்து கற்றுக்கொண்டது. படத்துக்கு மேலே முழுக்கறுப்பாக ஒரு தாளை விரிக்க வேண்டும். அந்தக் கறுப்பில் வெளிச்சத்தைப் பொருத்த வேண்டும். பிறகு ஒரு சின்ன மாற்றம் செய்தால் கறுப்பு கரைந்து, வெளிச்சம் மட்டும் படத்தின் மேல் நிற்கும். வெள்ளைத் தாளில் போட்டுப் பாருங்கள், ஒன்றுமே தெரியாது.

அதற்குப் பிறகு கம்ப்யூட்டர் அதைச் சமைத்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். பாதியில் கரண்டு போனால் அத்தனையும் போச்சு. எங்கள் யூபிஎஸ் வெறும் அலங்காரம். கீச் கீச்சென்று கத்திவிட்டுக் கம்ப்யூட்டரோடு சேர்ந்து தானும் படுத்துவிடும்.

அந்த வருஷம் அரியலூரிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைக்கு சிமெண்ட் ஃபேக்டரியில் நிரந்தர வேலை. அப்பா இல்லை. அம்மாவும் தங்கையும் கூட வந்திருந்தார்கள். நான் காபித் தட்டைக் கொண்டுபோய் வைத்து நிமிர்வதற்குள் அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தரகர் பக்கம் திரும்பினார்.

"மாநிறம்னீங்க? இந்த மாநிறத்துக்கு வூட்டுல கரண்டு போச்சுன்னா டார்ச் அடிச்சுல்ல தேடணும்!"

மாப்பிள்ளையின் தங்கை சிரித்த சிரிப்பில் காபி புரையேறி மூக்கு வழியாக வந்தது. மாப்பிள்ளை தட்டிலிருந்த சொஜ்ஜியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் என்ன படம் ஓடியதோ. தரகர் "ஹி ஹி" என்றார். என் அம்மா உள்ளே டம்ளர்களைத் தேவைக்கு மேல் சத்தமாகக் கழுவ ஆரம்பித்தாள்.

அவர்கள் போன பிறகு அம்மா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "வுடுடி. கறுப்பே அழகு, காந்தலே ருசின்னு பெரியவங்க சொல்லியிருக்காங்க."

"அடிப்புடிச்ச காந்தலை யாரும்மா மொதப் பந்தியில வைக்கிறாங்க?" என்றேன்.

அழவில்லை. ஆனால் மறக்கவும் இல்லை. பஸ்ஸில் போகும்போது, சாப்பிடும்போது, எழுத்துகளைச் சுழலவிடும்போது அந்தக் குரல் கேட்டுக்கொண்டே இருக்கும். ஒரு பதிலாவது சொல்லியிருக்கலாமே என்று நெஞ்சு எரியும். மனதுக்குள் விதவிதமாகப் பதில் சொல்லிப் பார்ப்பேன். கேட்க வேண்டியவர் எதிரே இல்லாத பதில் எதற்கு உதவும்? ஆறின கஞ்சி பழங்கஞ்சி.

சில மாதங்கள் கழித்து அரியலூர் வீடியோக்கார அண்ணன் ஒரு பை நிறைய கேசட்டோடு வந்தார். அவர் கொண்டுவரும் கேசட் பெட்டிகளின் மேல் எப்போதும் ஒரு பூச்சு சிமெண்டுத் தூசி இருக்கும். சட்டையில் துடைத்துத் துடைத்துத்தான் கொடுப்பார். "பெரிய எடம் தங்கச்சி, நல்லாச் செஞ்சு குடு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கேசட்டைப் போட்டேன். மேடையில் சொஜ்ஜி பார்த்த மாப்பிள்ளை. பக்கத்தில் எலுமிச்சை நிறத்தில் ஒரு பெண். பின்னால் பட்டுப்புடவையில், கழுத்து நிறைய நகையோடு அதே அம்மா. வருகிறவர்களை எல்லாம் வாய் நிறைய வரவேற்றுக்கொண்டிருந்தார். அந்த வாய்.

யானைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கு ஒரு காலம் வரும் என்பார்கள். பூனை நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டது.

பெண்ணை நான் தொடவில்லை. பாவம், அவள் என்ன செய்தாள்? மாப்பிள்ளையையும் விட்டுவிட்டேன். அவருக்கு அந்த அம்மாவே போதும். என் கணக்கு ஓர் ஆளோடுதான். அந்த அம்மா படத்தில் வரும் இடங்களையெல்லாம் குறித்துக்கொண்டு, கறுப்புத் தாளை விரித்து, ஒளியின் நடுப்புள்ளியைச் சரியாக அவர் மூக்கு நுனியில் கொண்டுபோய் வைத்தேன். தலையைத் திருப்பினால் புள்ளியும் திரும்ப வேண்டும். குனிந்தால் அதுவும் குனிய வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகப் படத்தை நகர்த்தி, கையாலேயே இழுத்து இழுத்து வைத்தேன். அப்புறம் பிரகாசத்தை ஏற்றினேன். கண் போனது, மூக்கு போனது, கடைசியாக வாய் போனது. பட்டுப்புடவைக்கு மேலே ஒரு சூரியன் உட்கார்ந்து விருந்தாளிகளை வரவேற்றுக்கொண்டிருந்தது. அதைப் போல ரசித்து நான் ஒரு வேலை செய்ததில்லை.

அண்ணன் வந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "தங்கச்சி, என்ன இது? அந்தம்மா மூஞ்சியே தெரியலையே. கம்ப்ளைண்டு வரும்."

"வரட்டும்ண்ணே. என்கிட்டயே நேரா அனுப்பிவுடுங்க."

அதுதான் எனக்கு வேண்டியது. சொந்தபந்தம் எல்லாம் கூடி உட்கார்ந்து பார்க்கும்போது முகமே இல்லாமல் அந்த அம்மா கூசிப்போக வேண்டும். கோபமாகப் படியேறி என்னிடம் வந்து, "ஏன் என் மூஞ்சி தெரியல?" என்று கேட்க வேண்டும். நான் சிரித்த முகத்தோடு, "கரண்டு இருந்துமா தெரியலம்மா?" என்று கேட்பேன். அந்த ஒரு வரியைத் தயார் செய்துகொண்டு படியில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் நிமிர்ந்து பார்த்தேன்.

அந்த அம்மா வரவில்லை. அண்ணன்தான் ஒரு ஸ்வீட் பாக்ஸோடு வந்தார்.

"தங்கச்சி, கூத்தைக் கேளு. கல்யாணம் திங்கக்கிழமையில்ல?"

"ஆமா."

"சிறுவாச்சூர் காளியாத்தாளுக்கு வாரத்துல ரெண்டு நாளுதான நடை தொறப்பாங்க, அதுல ஒண்ணு. படத்தைப் போட்டதும் அந்தம்மா மூஞ்சியில வெளிச்சம் வருது. அவங்க நவுந்தா அதுவும் நவுருது. ஒரு கெழவி எந்திரிச்சு, 'அடியே, ஆத்தா எறங்கியிருக்காடி'ன்னு கையெடுத்துக் கும்பிட்டுது பாரு! அவ்வளவுதான். சூடம் ஏத்திட்டாங்க. டிவி பொட்டிக்கு!"

"அந்தம்மா என்ன சொன்னாங்க?"

"கண்ணுல தண்ணியா ஊத்துது. 'அன்னைக்கே எனக்கு ஒடம்பெல்லாம் சிலுசிலுன்னு இருந்துச்சு'ங்கறாங்க. இப்ப தெருவுல அவங்ககிட்ட துன்னூறு வாங்கிட்டுப் போறாங்க சனங்க. இந்தா, லட்டு உனக்குத்தான் குடுத்துவுட்டாங்க."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்று ஊரில் சொல்வார்கள். நான் குரங்கு பிடிக்கப் போனேன், அது பிள்ளையாராய் முடிந்து என்னைப் பார்த்துச் சிரித்தது. லட்டை உரக்கடைப் பையனிடம் கொடுத்துவிட்டேன். அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் போட்ட வெளிச்சத்தில் நின்றுகொண்டு அந்த அம்மா ஊருக்குத் திருநீறு பூசிக்கொண்டிருக்கிறார்! உண்மையைச் சொல்லலாம் என்றால் யார் நம்புவார்கள்? ஊர் வாயை உலைமூடி போட்டு மூட முடியுமா?

அடுத்த தை மாதம் அந்த வீட்டில் மகளுக்குக் கல்யாணம். காபி புரையேறச் சிரித்தாளே, அவளுக்குத்தான். ஆத்தாளுக்கு நடை திறக்கும் இன்னொரு நாளான வெள்ளிக்கிழமையாகவே முகூர்த்தம் பார்த்து வைத்திருந்தார்கள். கேசட்டோடு இந்தத் தடவை அண்ணன் தனியாக வரவில்லை.

அந்த அம்மா மூச்சு வாங்கப் படியேறி வந்து, என் நாற்காலிக்குப் பின்னால் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. காபி ஆறுவதற்குள் பார்த்துவிட்டுப் போன முகம்தானே நான். அவர் முகமோ எனக்கு ஃபிரேம் ஃபிரேமாகத் தெரியும். அண்ணன் டீ வாங்கிவருகிறேன் என்று கீழே இறங்கினார். ஏசி போட்டிருந்ததால் கதவைச் சாத்திவிட்டு, அதன் மேல் தொங்கிய கறுப்புத் திரையையும் இழுத்துவிட்டேன்.

"தாயி, போன தடவை வந்துச்சே வெளிச்சம், அது இதுல இருக்கா பாரு."

"தேடித்தாம்மா பாக்கணும்" என்றேன்.

"இருக்கும். வெள்ளிக்கெழமையாச்சே." கொஞ்சம் தயங்கினார். குரல் இறங்கியது. "இல்லைன்னா... நீங்க கம்ப்யூட்டர்ல என்னென்னமோ பண்றீங்களாமே. லேசா சேத்துவுட்டுடு கண்ணு. ஊரே எதிர்பாத்துக்கிட்டிருக்கு."

ஆக, அந்த அம்மாவுக்கும் ஓர் ஓரத்தில் சந்தேகம் இருந்திருக்கிறது. நான் வாயைத் திறப்பதற்குள் கரண்டு போனது. யூபிஎஸ் கீச் கீச்சென்றது, நின்றது. ஏசி அடங்கியது. அந்த அறையில் அப்படி ஓர் இருட்டு. வெளியே உச்சிவெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

"தாயி?"

நான் பேசவில்லை.

"எம்மா, ஒண்ணுமே தெரியலையே. தாயி, எங்க இருக்க?"

மூச்சைக்கூட மெதுவாக விட்டேன். ஸ்டூல் கிறீச்சிட்டது. வளையல் சத்தம் என் இடது பக்கம் போனது. சுவரில் கை தட்டியது. ஏதோ டப்பா உருண்டு விழுந்தது. "அய்யோ, கண்ணு, இருக்கியா?" என்றபடி வளையல் சத்தம் திரும்பி வந்தது. விரல்கள் காற்றைத் துழாவி, நாற்காலியைத் தொட்டு, என் தோளில் பட்டு, கெட்டியாகப் பிடித்துக்கொண்டன.

"இங்கதான் இருக்கியா? ஏன் தாயி சத்தமே காட்டல?"

"ஏம்மா, டார்ச் கொண்டாரலையா?" என்றேன்.

தோளில் இருந்த கை அப்படியே நின்றது. பிறகு மெல்ல எடுத்துக்கொண்டார். ஒரு வருஷத்துக்கும் மேலாக எரிந்துகொண்டிருந்த என் நெஞ்சு அந்த இருட்டில் ஐஸ் வைத்ததுபோல இருந்தது.

கரண்டு வந்து விளக்கு எரிந்ததும் என் முகத்தை உற்றுப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார்.

"நீயா?"

"நான்தாம்மா. போன தடவை வெளிச்சம் போட்டதும் நான்தான். உங்க மூஞ்சி தெரியக் கூடாதுன்னு போட்டேன்."

படியில் அண்ணனின் செருப்புச் சத்தம் கேட்டது. அந்த அம்மா சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "வெளிய சொல்லிடாத தாயி. துன்னூறெல்லாம் குடுத்துட்டேன்."

"நான் ஏம்மா சொல்லப்போறேன்?"

"அப்ப, இதுலயும் போட்டுடுவியா?"

நான் கையை விடுவித்துக்கொண்டு கம்ப்யூட்டரை மறுபடி போட்டேன். அண்ணன் கொண்டுவந்த டீயை அந்த அம்மா பாதி குடித்துவிட்டு வைத்துவிட்டார். போகும்போது, கதவு வரைக்கும் திரும்பித் திரும்பி என்னைப் பார்த்துக்கொண்டே போனார்.

அந்தக் கல்யாணத்துக்கு எழுத்து சுழன்றது, பூ கொட்டியது, ஒளிக்கீற்று மணமக்கள் பெயரைத் தடவிக்கொண்டு போனது. மகள் சிரித்தாளே என்பதற்காக அவள் படத்தில் நான் எந்தக் குறையும் வைக்கவில்லை. அந்த அம்மா வந்த இடங்களில் மட்டும் ஒன்றும் போடவில்லை. முகம் துல்லியமாக, வாய் நன்றாகத் தெரியும்படி விட்டுவிட்டேன்.

சிடி போட்ட அன்று அரியலூரில் அந்த வீடு கொள்ளாத கூட்டமாம். தெருக்காரர்கள் தேங்காய் பழத்தோடு வந்து உட்கார்ந்திருந்தார்களாம். படம் முடியும்வரை தட்டிலிருந்த சூடத்தை யாரும் ஏற்றவில்லை. கடைசியில் அந்த அம்மாவின் ஓர்ப்படிதான் எழுந்து புடவையை உதறிக்கொண்டே கேட்டாளாம், "என்னக்கா, வெள்ளிக்கெழமையும் அதுவுமா ஆத்தா கோவிச்சுக்கிட்டாளா? உன் மூஞ்சி மட்டுந்தான தெரியுது!"

"அந்தம்மா என்னண்ணே சொன்னாங்க?"

"என்னத்தைச் சொல்றது? எந்திரிச்சு உள்ள போயிட்டாங்க." அண்ணன் கேசட் பெட்டியைச் சட்டையில் துடைத்தபடி என்னைப் பார்த்தார். "ஏன் தங்கச்சி, ஒரு எடத்துலயாவது போட்டிருக்கலாமுல்ல?"

"போடலாம்னுதான் உக்காந்தேன். கரண்டு போயிடுச்சுண்ணே" என்றேன்.