நானும் அப்பாவும் ஒரே ஆள்

நோர்வேயில் வீட்டுக் கதவிலும் கடிதங்களிலும் பல் வைத்தியரின் வாயிலும் இருபத்தெட்டு வருடமாக நான் கந்தையா. அது என் அப்பாவின் பெயர். அகதியாக இறங்கிய அன்று 'குடும்பப் பெயர்' என்ற கட்டத்தைப் பார்த்து முழித்து, குடும்பத்துக்குப் பெரியவர் அவர்தானே என்று அவரை எழுதிவிட்டேன். உங்களில் எத்தனை பேர் இப்படி அப்பாவாக ஓடித் திரிகிறீர்களோ! அங்கே அது குறையில்லை. நாரிப்பிடிப்பில் இடுப்பை அசைக்க முடியாமல் மூன்று மாதம் படுத்தபோது நோய்க்காலச் சம்பளம் கந்தையாவுக்கு ஒழுங்காக வந்தது. அடையாள எண் சரியென்றால் ஆளும் சரி.

கொழும்பில் அப்படி இல்லை. வெள்ளவத்தையில் லொட்ஜ் எடுத்து, காலி வீதி பஸ்ஸில் தொங்கி, என் ஊழியர் சேமலாப நிதியை எடுக்கப் போனேன். கொட்டாஞ்சேனை அச்சகமொன்றில் ஏழு வருடம் உழைத்தது. முதலாளி மாதாமாதம் சம்பளத்தில் பிடித்து, தன் பங்கையும் சேர்த்துக் கட்டிய மனிதர். பிடித்த ஒவ்வொரு மாதமும் அவரைத் திட்டியிருக்கிறேன், படம் பார்க்கக் காசில்லையென்று. அந்தக் காசை எடுக்கக்கூடிய ஐம்பத்தைந்து வயது தாண்டியதும் அவர்மேல் திடீர் பக்தி.

கவுண்டரில் இருந்த சிங்களப் பெண்மணி என் கடவுச்சீட்டையும் பழைய சேமலாப நிதி அட்டையையும் மாறிமாறிப் பார்த்தார். கடவுச்சீட்டில் பெரிதாகக் கந்தையா; அட்டையில் என் சொந்தப் பெயர் சிவபாதம், தகப்பன் பெயர் கந்தையா.

"கந்தையா, சிவபாதத்தின்ட அப்பாதானே?"

"ஓம் மிஸ்." உண்மைதானே.

அவர் முகம் இளகிவிட்டது. "அனே! மகன் எப்ப மோசம் போனது?"

விளங்கி நான் வாய் திறப்பதற்குள் மரணக் கொடுப்பனவுப் படிவம் கைக்கு வந்துவிட்டது.

"மகன் நான்தான் மிஸ்!"

"அழ வேணாம் மாத்தயா. மரணச் சான்றிதழோட வாங்க."

மூன்று நாள், மூன்று வரிசை. ஊழியரைப் பாதுகாக்கும் திட்டம் என்னிடமிருந்தே என்னைப் பாதுகாத்துக்கொண்டிருந்தது. கடைசியில் நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடைப் பக்கம் ஒரு சட்டத்தரணியைப் பிடித்தேன். என்னைவிட இளையவர், சிரித்து முடிக்கவே அவருக்கு நேரம் எடுத்தது.

"கந்தையாவும் சிவபாதமும் ஒரே ஆள் எண்டு சத்தியக்கடதாசி அடிச்சுத் தாறன் அண்ணை. ஆனா கையெழுத்து அந்த அட்டையில கிடக்கிற மாதிரியே விழவேணும். மாறினால் ஏழு வருசத்தையும் மறந்திடுங்கோ."

அட்டையில் இருந்தது தமிழ்க் கையெழுத்து. இருபத்தொரு வயதுத் திமிரில் 'ம்'மின் புள்ளி எங்கோ பறந்துகொண்டிருந்தது. என் கையோ நோர்வே எழுத்தில் கந்தையா என்றுதான் ஓடியது.

பக்கத்துத் தேநீர்க் கடையில் உட்கார்ந்து, பத்திரிகை ஓரத்தில், அட்டையில் இருந்த என்னைப் பார்த்து எழுதத் தொடங்கினேன். பத்தாவது தடவை ஓரளவு நான் போல இருந்தது. நீதிமன்றக் கடமைக்கு வந்த பொலிஸ்காரர் ஒருவர் கோப்பையோடு எட்டிப் பார்த்தார்.

என் பெயரைச் சட்டென்று கையால் மூடினேன்.