என்னை லேட் என்று சொன்ன கம்ப்யூட்டர்

மரக்காணத்தில் துருப்பிடிக்காத பொருள் என்று ஒன்றும் கிடையாது. உப்பளக் காற்று பூட்டைத் தின்னும், கேட்டைத் தின்னும், ஃபேன் இறக்கையைத் தின்னும். என் வீட்டுக்காரர் சவுண்ட் சர்வீஸ் வைத்திருப்பவர் என்பதால் எங்கள் வீட்டில் அதற்குத் தீனி அதிகம். மைக் ஒயர், ஸ்பீக்கர் ஒயர், ஹெட்ஃபோன் ஒயர் என்று எல்லாவற்றின் முனையிலும் பச்சை பூக்கும். அவர் உட்கார்ந்து உப்புத்தாளால் தேய்ப்பார். மறுபடியும் பூக்கும்.

பின்னறையை ரெக்கார்டிங் ஸ்டூடியோவாக மாற்றிய பிறகு ஒருநாள் பாண்டிச்சேரிக்குப் போய் ப்ளூடூத் ஹெட்ஃபோன் வாங்கி வந்தார்.

"ஒயரே இல்லன்னா எது துருப்பிடிக்கும்?" என்றார்.

எனக்கும் அது நல்ல புத்தியாகத்தான் பட்டது.

அதை மாட்டிக்கொண்டு நான் முதலில் பாடியது எங்கள் மாதா கோயில் திருவிழாவுக்கான புதுப் பாட்டு. கொடியேற்றத்தன்று கோபுர ஸ்பீக்கரில் போட வேண்டியது. முதல் குரல் என்னுடையது என்று ஃபாதர் சொல்லியிருந்தார். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்ததிலிருந்து பாடகர் குழுவில் இருக்கிறேன். முதல் குரல் ஆசையும் அன்றிலிருந்தே இருக்கிறது. கோயிலில் என் பக்கத்தில் நின்று பாடுகிறவள் என் நாத்தனார், வீட்டுக்காரரின் தங்கை. அவளுக்கும் அதே ஆசை. அதனால் நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக் கொஞ்சம் அதிகமாகவே சிரித்துக்கொள்வோம்.

கீபோர்டை என் வீட்டுக்காரர் முன்பே வாசித்து வைத்திருந்தார். எந்தக் கட்டையை எப்போது அமுக்கினார் என்பது மட்டும் கம்ப்யூட்டரில் பதிவாகியிருக்கும். ஓசையை அது தானே போட்டுக்கொள்ளும். அதைக் காதில் கேட்டபடி நான் பாடினேன். எல்லாம் சரியாக இருந்தது. பாடியதை ஸ்பீக்கரில் போட்டார். கீபோர்டு முன்னால் போகிறது. நான், தேர் போன பிறகு தெருவுக்கு வந்தவள் மாதிரி, பின்னால் ஓடி வருகிறேன்.

"பாடும்போது சரியா இருந்துச்சுங்க."

"கேக்கும்போது சரியா இல்லியே."

அதோடு விட்டாரா? சாம்பிள் என்று சொல்லி அதை ஃபாதருக்கு வாட்ஸப்பில் அனுப்பியும் விட்டார். ஃபாதரிடமிருந்து வாய்ஸ் மெசேஜ் வந்தது. "நல்லா இருக்குதும்மா. கொஞ்சம் லேட்டா வருதோ? உங்க நாத்தனாரையும் ஒருதடவை பாடச் சொல்லிப் பாக்கலாமே."

அன்று எங்கள் வீட்டில் சோறு குழைந்தது.

"தோ பாரு, இதுக்கு ஏன் மூஞ்சத் தூக்குறே? உன் குரலை மவுஸால புடிச்சு முன்னால இழுத்து வச்சிட்டா முடிஞ்சுது" என்றார்.

"என் குரல் என்ன கட்டிலா, இழுத்து நகத்திப் போடுறதுக்கு?"

பிறகு அவர் கம்ப்யூட்டரைச் சீர்திருத்தக் கிளம்பினார். உப்பளத்தில் தண்ணீரைப் பாத்தியில் தேக்கி விடுவதுபோல, கம்ப்யூட்டரும் ஓசையைச் சற்றே தேக்கித்தான் வெளியே விடுமாம். அந்த அளவைக் குறைத்தார். என் குரல் அப்பளம் பொரிவதுபோல் கரகரத்தது. கூட்டினார். நான் இன்னும் லேட்டானேன். சாஃப்ட்வேரை அழித்துவிட்டு மறுபடி ஏற்றினார். புரியாத மொழியில் யூட்யூப் பார்த்துத் தலையாட்டினார். நானோ முந்திப் பாடப் பழகினேன். மாவு அரைக்கும்போதும் துணி மடிக்கும்போதும் தாளத்துக்கு ஒரு மயிரிழை முன்னாலேயே பல்லவியை எடுத்து எடுத்துப் பார்த்தேன்.

கடைசியில் நாத்தனார் வந்தாள். வானூரில் வேலை முடிந்து நேராக வருவதாகச் சொன்னாள். வேலைக்கு யார் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போகிறார்கள்? ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு பாடினாள். ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டோம். அவளும் லேட். நான் எவ்வளவு பிந்தினேனோ அவ்வளவு. அப்போது எனக்கு வந்த சந்தோஷத்தை மாதா மன்னிக்க வேண்டும்.

அவள் ஹெட்ஃபோனைக் கழற்றி அண்ணன் மடியில் போட்டாள்.

"ண்ணா, நான் லேட்டா பாடுறேன்னுகூட வச்சுக்கோ. அண்ணி பாடாது. இத்தினி வருஷமா பக்கத்துல நிக்கிறேன், ஒருநாளும் அண்ணி தாளத்த வுட்டதில்ல. உன் மெஷினப் பாரு."

என் சந்தோஷம் அப்படியே வற்றிப் போனது. கண் கலங்கியது. எதிராளி இப்படிப் பேசிவிட்டால் மனுஷி எப்படித்தான் நிம்மதியாகப் பொறாமைப்படுவது?

அவர் கூனிமேட்டில் கல்யாண வீடியோ எடிட் செய்யும் நண்பருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். முழுக் கதையையும் கேட்ட பிறகு நண்பர் ஒரே கேள்விதான் கேட்டார்.

"ஏம்பா, எதுல கேட்டுக்கினு பாடுறாங்க?"

"ப்ளூடூத்ல."

"யா அல்லா! அதுல சத்தம் காதுக்கே லேட்டாதான் வரும்பா. லேட்டா கேட்டா லேட்டாதான் பாடுவாங்க. ஒயர் போடு."

வீட்டில் இருந்த ஒயர் ஹெட்ஃபோன் ஒன்றுகூட உயிரோடு இல்லை. நாத்தனார்தான் வீட்டுக்கு ஓடிப் போய் தன் போனுக்கு வாங்கிய இயர்ஃபோனை எடுத்து வந்தாள். ஈரக்காற்று படாமல் அரிசி டப்பாவுக்குள் வைத்திருந்தாளாம். உதறியபோது நாலு அரிசி விழுந்தது.

மாட்டிக்கொண்டு பாடினேன். இப்போது கீபோர்டுக்கு முன்னாலேயே போய் நின்றேன். திரும்பப் பாடினேன். திரும்பவும் முந்தினேன். பழகிய பழக்கம் போகுமா? அவர் கை மவுஸ் பக்கம் போனது.

"என்னா அண்ணி, உன்ன யார் துரத்துறா?" என்றபடி நாத்தனார் ஒரு பக்கத்து இயர்ஃபோனை என் காதிலிருந்து உருவித் தன் காதில் செருகிக்கொண்டாள். ஒயர் குட்டை. கோயிலில் நிற்பதுபோல் தோளோடு தோள் ஒட்டி நின்றாள். முன்னிசை முடிந்தது. அவள் மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டது. நான் பல்லவியை எடுத்தேன். கச்சிதமாக விழுந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கோயிலிலும் நான் எடுத்தது இந்த மூச்சைக் கேட்டுத்தான். தாளம் என் ரத்தத்தில் இருக்கிறது என்று இத்தனை நாளாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பாட்டு முடிந்ததும் அவர் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டுவிட்டுக் கட்டைவிரலைக் காட்டினார்.

"சூப்பர். நீ எடுக்குறதுக்கு முன்னால மட்டும் யாரோ மூச்சு இழுக்குற சத்தம் இருக்குது. அதைக் கட் பண்ணிடுறேன்."

"கை வச்சீங்கன்னா தெரியும். பாட்டே அதுலதான் ஆரம்பிக்குது" என்றேன்.