குசினிக்குள்ளால் போன டிராம் பாதை

எழுபத்து நான்காம் ஆண்டுக் குளிர்காலத்தில் நான் சிட்னிக்கு வந்து சேர்ந்தேன். மனைவியும் மூன்று வயது மகளும் யாழ்ப்பாணத்தில் இருந்தார்கள். அவர்களுக்கு விசா கிடைக்க ஆறு மாதம் ஆகும் என்றார்கள். இரண்டு வருடம் ஆனது.

இலங்கையில் நான் நில அளவையாளன். அந்தத் தகுதி இங்கே செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். பரமட்டாவுக்கு வடக்கே ஒரு நகரசபை அலுவலகத்தில் வரைபடம் வரையும் வேலை கிடைத்தது. ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஓர் அறையில் தங்கினேன். சனிக்கிழமை மதியம் கடைகளைப் பூட்டினால் திங்கள் காலைதான் திறப்பார்கள். வெள்ளி மாலை அலுவலகத்தில் விடைபெற்ற பிறகு திங்கள் காலை வரை என்னோடு பேச ஒருவரும் இல்லை. சில ஞாயிற்றுக்கிழமைகளில், குரல் இருக்கிறதா என்று பார்ப்பதற்காகவே கண்ணாடி முன் நின்று தொண்டையைக் கனைத்திருக்கிறேன்.

அடுத்த கோடையில் தலைமை அளவையாளர் என்னிடம் ஒரு பழைய சுருளைத் தந்தார். அது பரமட்டாவிலிருந்து காசில் ஹில் பக்கம் போன டிராம் பாதையின் வரைபடம். அவர் ஓய்வுபெற இருந்தவர், அதிகம் பேசமாட்டார். அந்த நிலத்தில் நகரசபை நடைபாதை போட நினைத்தது. பாதையில் எங்கள் எல்லைக்குள் கிடந்த துண்டை அளந்து, யார் யாருடைய வேலி அதற்குள் வந்திருக்கிறது என்று குறிக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

அந்தப் பாதையின் கதையைக் கோப்புகளில் இருந்துதான் அறிந்தேன். முதலில் நீராவி டிராம் ஓடியிருக்கிறது. தோடம்பழத் தோட்டங்களுக்கு நடுவே மேடேறிப் போய், காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் மாலையில் பழப்பெட்டிகளையும் கொண்டுவந்திருக்கிறது. பிறகு டிராமை நிறுத்திவிட்டு அதே பாதையில் ரயில் விட்டார்கள். பஸ்களும் லொறிகளும் வந்ததும் ரயிலில் ஏற ஆளில்லை. முப்பதுகளின் தொடக்கத்தில் அதையும் நிறுத்தித் தண்டவாளத்தைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நாற்பது வருடத்துக்குப் பின்னும் ஊர்க்காரர்கள் அதை டிராம் பாதை என்றே சொன்னார்கள்.

பார்த்தால் வெறும் புல்தரைதான். ஆனால் காலால் கிளறினால் கரிச்சாம்பல் வரும். ஓடையைக் கடக்கும் இடத்தில் செங்கல் மதகு ஒன்று உடையாமல் இருந்தது. ஒரு பக்கம் மண்ணை வெட்டித் தாழ்த்தியிருந்தார்கள், மறுபக்கம் அணைபோல உயர்த்தியிருந்தார்கள். வேலை நாட்களில் உதவியாள் ஒருவனோடு அளந்தேன். சனி, ஞாயிறுகளில் தனியாக அங்கே நடந்தேன். கையில் வரைபடம் இருந்ததால், வழியில் யாராவது பார்த்தாலும் எங்கே போகிறாய் என்று கேட்கமாட்டார்கள் என்ற தைரியம்.

ஒரு சனிக்கிழமை, ஒரு மரவீட்டின் பின்வேலியருகே நின்று வரைபடத்தை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்மணி என்னைக் கூப்பிட்டார். அறுபது வயதிருக்கும். மணமாகாதவர், அந்த வீட்டில் தனியாக இருந்தார். அவர் ஆங்கிலத்தில் பேசியதெல்லாம் என் நினைவில் எப்போதோ எங்கள் பேச்சாகிவிட்டது. அப்படியே எழுதுகிறேன்.

“என்னத்தைத் தேடுறீர்?”

“டிராம் பாதையை.”

“அதுக்கு மேலதான் நிக்கிறீர். வாரும், தேத்தண்ணி குடிச்சிட்டுப் போம்.”

குசினியில் உட்காரவைத்தார். நீளமான, ஒடுக்கமான குசினி. சுவர்ப் பலகைகளில் யார் யாரோ கத்தியால் கீறிய எழுத்துகள் இருந்தன. நான் அவற்றைப் பார்ப்பதைக் கண்டு, அவை டிராமுக்குக் காத்திருந்தவர்கள் கீறியவை என்றார். அந்தக் குசினி, தரிப்பிடக் கொட்டகையின் பலகையில் கட்டியது. கட்டியவர் அவருடைய அப்பா. டிராமில் நெருப்புப் போடுபவராகச் சேர்ந்து, பின்பு அந்த ரயிலில் கார்டாக இருந்தவர்.

“ரயிலை நிப்பாட்டினாப் பிறகு அப்பாவுக்கு வேலை இல்லை. அந்த நேரம் ஆருக்கும் வேலை இல்லை. கடைசியா அவருக்குக் கிடைச்ச வேலை என்ன தெரியுமோ? தண்டவாளம் கழட்டுறது.”

“இதே பாதையிலயோ?”

“இதே பாதையிலதான். ஒவ்வொரு நாளும் கழட்டிக் கழட்டி வீட்டுக்குக் கிட்ட வந்துகொண்டிருந்தவர். எங்கட படலைக்கு நேரா வந்த அண்டைக்கு நான்தான் சாப்பாடு கொண்டுபோய்க் குடுத்தனான். வாங்கினவர், சாப்பிடேல்லை. பதினேழு வயசு எனக்கு. நான் திரும்பி வந்திட்டன்.”

அதன் பிறகு ஒவ்வொரு சனியும் போனேன். நான் மகளைப் பற்றிச் சொல்வேன், அவர் டிராமைப் பற்றிச் சொல்வார். மேடேறும்போது பையன்கள் குதித்து இறங்கி, தோட்டத்தில் பழம் பறித்துக்கொண்டு, ஓடிவந்து அதே பெட்டியில் ஏறிக்கொள்வார்களாம். சில சனிக்கிழமைகளில் இருவரும் மேசையில் பட்டாணி உரித்துக்கொண்டிருப்போம். அதுவும் எனக்குப் போதுமாக இருந்தது.

மார்ச் மாதத்தில் அந்த வீட்டுப் பக்கத்தை உதவியாளோடு அளந்தேன். பழைய வரைபடம் செயின், லிங்க் என்ற பழைய நீள அளவுகளில் இருந்தது. நாங்கள் அப்போதுதான் மீற்றருக்கு மாறியிருந்தோம். கணக்குப் போட்டு டிராம் நிலத்தின் எல்லைக்கோட்டை இழுத்தால், கோடு குசினிக்குள்ளால் போனது. மாற்றியதில் பிழை விட்டிருப்பேன் என்று திரும்பப் போட்டேன். மூன்றாவது தடவையும் போட்டேன். பிழை இல்லை. அடுப்பு, மேசை, நான் உட்காரும் கதிரை எல்லாமே டிராம் நிலத்தில்தான் இருந்தன.

அந்த வாரச் சனிக்கிழமையும் போனேன். தேநீர் குடித்தேன். சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை என்பது பாதி உண்மை. சொன்னால் அடுத்த சனிக்கிழமை போக இடமில்லாமல் போய்விடுமே என்று பயந்தேன், அதுதான் மீதி. திங்கட்கிழமை வரைபடத்தை முடித்து, குசினியின் மீது சிவப்பு மையில் சாய்கோடுகள் போட்டுக் கொடுத்தேன்.

அதன் பிறகும் சனிக்கிழமைகளில் போனேன், சொல்லவில்லை. மூன்று வாரத்தில் அவருக்கு நகரசபையின் கடிதம் போனது. கட்டடத்தை அகற்ற வேண்டியிருக்கலாம் என்று எழுதியிருந்தார்கள். சனிக்கிழமை நான் போனபோது, கம்பிவலைக் கதவைத் திறக்காமல் உள்ளேயே நின்றார்.

“போன முறை தேத்தண்ணி குடிக்கேக்க உமக்கு இது தெரியுமோ?”

“ஓம்.”

“அதுக்கு முந்தின முறையும்?”

“ஓம்.”

அவர் உள்கதவை மெதுவாகச் சாத்தினார். நான் டிராம் பாதை வழியே பரமட்டாப் பக்கம் நடந்தேன். நடக்க ஒன்றரை மணி நேரம் எடுத்தது. மறு சனிக்கிழமை அறையிலேயே இருந்தேன். மனைவிக்குக் கடிதம் எழுதத் தொடங்கி, சுகம் என்று எழுதி, அதற்கு மேல் எழுதாமல் விட்டேன்.

மதிய இடைவேளைகளில் அலுவலகத்துப் பழைய கோப்புப் பெட்டிகளைக் கிளறினேன். அந்தக் கொட்டகையை எடுத்துக்கொள்ள, அந்த நிலத்தில் கட்ட, அவருடைய அப்பாவுக்கு யாராவது அனுமதி கொடுத்ததற்கு ஒரு துண்டுக் காகிதமாவது இருக்கும் என்று நம்பினேன். இல்லை. ஆகவே நானே ஒரு பக்கக் குறிப்பு எழுதினேன். குசினி நாற்பது வருடமாக அங்கே நிற்கிறது. நடைபாதை போட மிச்ச அகலம் போதும். எல்லைக்கோட்டை அந்த இடத்தில் மட்டும் வளைத்தால் யாருக்கும் நட்டமில்லை. இரண்டாவது பந்தியில், அவருடைய அப்பா தண்டவாளம் கழற்றிய கதையையும் எழுதியிருந்தேன்.

தலைமை அளவையாளர் அதை வாசித்துவிட்டு, “உனக்கு அந்த மனுசியைத் தெரியுமா?” என்று கேட்டார்.

“தெரியும்.”

“தெரியாதவனைப் போல எழுது. இரண்டாவது பந்தியை வெட்டு.”

வெட்டினேன். அவர் கையெழுத்துப் போட்டார். சபை அதை ஏற்க நான்கு மாதம் ஆனது. புதிய வரைபடத்தையும் நான்தான் வரைந்தேன். நேராக வந்த கோடு ஓரிடத்தில் விலகிக் குசினியைச் சுற்றிக்கொண்டு மறுபடி நேராகப் போனது.

கடிதம் அவருக்குக் கிடைத்திருக்கும் என்று கணக்குப் பார்த்து ஒரு சனிக்கிழமை போனேன். கம்பிவலைக்கு உள்ளே நின்றபடியே பேசினார்.

“கடிதம் வந்தது. நீர்தான் ஏதோ செய்திருக்கிறீர் எண்டு விளங்குது. நன்றி.”

“பரவாயில்லை.”

“கோடு போட்டதுக்கு எனக்குக் கோவமில்லை. அது உம்மட வேலை. அப்பாவும் தன்ர வேலையைத்தான் செய்தவர். ஆனா அவர் ராத்திரியில வந்து எங்களுக்குச் சொல்லுவார், இண்டைக்கு எவ்வளவு தூரம் கழட்டியாச்சு எண்டு. நீர் சொல்லியிருக்கலாம்.”

“சொல்லியிருக்கலாம்,” என்றேன். உள்ளே வரச் சொல்லவில்லை. நானும் நிற்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு வருடம் அந்தப் பக்கம் போகவில்லை.

எழுபத்தாறில் மனைவியும் மகளும் வந்தார்கள். மகளுக்கு ஐந்து வயதாகியிருந்தது. என்னை அப்பா என்று கூப்பிட ஒரு வாரம் எடுத்தாள். வந்த புதிதில் ஒருநாள் மனைவி கேட்டாள்: “இஞ்சை உங்களுக்குக் கதைக்கப் பேச ஆரும் இருந்தவையோ?”

“ஒருத்தர் இருந்தவ,” என்றேன். முழுவதையும் சொன்னேன். மறைக்காமல் சொல்வது நான் நினைத்த அளவு கடினமாக இல்லை.

“அப்ப ஒருக்காப் போய்ப் பாப்பம்,” என்றாள்.

ஞாயிறு பிற்பகல் மூவரும் போனோம். அவர் கதவைத் திறந்து வெளியே வந்தார். நரை கூடியிருந்தது. என்னிடம் நலமா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மகளிடம் குனிந்து அவளுடைய பெயரைக் கேட்டார், இரண்டு முறை சொல்லிப் பழகினார். எங்களை முன் விறாந்தையில் இருக்கச் சொல்லித் தட்டில் தேநீரும் பிஸ்கட்டும் கொண்டுவந்து வைத்தார். குசினிக்குள் கூப்பிடவில்லை. மகள் ஆங்கிலம் தெரியாமல் அவருடைய பூனையோடு தமிழில் பேசிக்கொண்டிருந்தாள். அவர் அதைக் கேட்டுச் சிரித்தார். அரை மணி நேரத்தில் நாங்கள் எழுந்தோம். மறுபடியும் வரச் சொல்லி என்னிடம் சொல்லவில்லை, மனைவியிடம் சொன்னார்.

பஸ்ஸுக்கு நடக்கும்போது மனைவி, “நல்ல மனுசி,” என்றாள்.

“ஓம்,” என்றேன்.