கெம்பம்மாவின் வண்டி

மைசூர்ப் பெண் பாடசாலைக்கு இங்கிலீஷ் ஆசிரியை தேவை என்று தஞ்சாவூரில் பத்திரிகையில் பார்த்த உடனேயே, "நான் போகிறேன்!" என்று கத்திவிட்டேன். கன்னடம் தெரியாதே என்பது ரயிலேறிய பிறகுதான் உறைத்தது.

இன்று முதல் நாள். சின்னப் பெண்கள் பாவாடையை இழுத்து மூடிக்கொண்டு என்னையே பார்க்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் கெம்பம்மா உட்கார்ந்து வெற்றிலை மெல்லுகிறாள். வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளை மாட்டுவண்டியில் அழைத்து வருபவள் அவள்தான். இங்கே நடப்பதை வீடுகளில் சொல்பவளும் அவளே. வீட்டாருக்குப் பிடிக்காவிட்டால் நாளைக்கு வண்டி காலியாக வரும்; என் வேலையும் போய்விடும்.

சொல்லி விளக்க முடியாததால் நடித்துக் காட்டுகிறேன். 'ஜம்ப்' என்று சொல்லிக் குதிக்கிறேன். ஒருத்தி குதிக்கிறாள். அப்புறம் வகுப்பே "ஜம்ப்! ஜம்ப்!" என்று கூவிக் குதிக்கிறது. கொலுசுச் சத்தத்தில் மணி அடித்ததுகூடக் கேட்கவில்லை.

கெம்பம்மா கொள்ளேகாலத்துக்காரி, தமிழ் வரும். வண்டியருகே என்னைப் பிடித்துக்கொள்கிறாள்.

"ஏனுங்க டீச்சரம்மா, பொட்டப் புள்ளைங்களக் குதிக்க உட்டா நாளைக்கு அனுப்புவாங்களா?"

"நீங்க சொல்லாம இருந்துடுங்களேன்."

"நான் வாயத் தொறக்கலீங்க. இதுங்க நடுவூட்டுல போயிக் குதிச்சா நான் என்ன பண்ணட்டும்?"

வண்டிப் பலகை இப்போதே அதிர்கிறது. நானும் ஏறிக்கொள்கிறேன். முதல் வீடு வருவதற்குள் 'ஸிட்' என்பதைக் கற்றுக்கொடுத்துப் பார்க்க வேண்டும்.