ஒரு நூல்கண்டும் நாலு கழுத்துகளும்

மணிமாலை செய்கிற தொழிலுக்கு நிறம் பார்க்கத் தெரிந்தால் போதும் என்று நம்பித்தான் வந்தேன். ஊரில் உள்ள கழுத்துகளை எல்லாம் நினைத்துப் பயப்பட வேண்டியிருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. கையால் எதையாவது செய்து விற்றுவிட்டு நிம்மதியைத் தொலைத்தவர்களே, உங்களுக்கு இது புரியும்.

அன்று காலை புது மாலை ஒன்றை முடிச்சிட்டு, வழக்கம்போல் ஒரு இழு இழுத்துப் பார்த்தேன். முடிச்சு நின்றது, நூல் நடுவில் விட்டுப்போனது. மணிகள் கட்டிலுக்கடியில் ஓடின. நூல்கண்டைப் பிரித்துப் பார்த்தால், தொட்ட இடமெல்லாம் வெந்த சேமியா மாதிரி அறுகிறது. அதே கண்டில் ஏற்கெனவே நாலு மாலை கோர்த்து விற்றிருந்தேன்.

எங்கள் வீட்டில் சமையல் என்ன என்பது மாமியார் முடிவு, பிள்ளைகள் படிப்பு கணவர் முடிவு. நானாக யோசித்து நானாக முடிக்கிற காரியம் இந்த மாலை ஒன்றுதான். நாலு பேர் எதிரில் ஒன்று அறுந்தாலும் அதோடு ஊசியைத் தூக்கிப் போட்டுவிடுவேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியும். அறுவதற்கு முன் நாலையும் பிடித்துவிட வேண்டும் என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

பாலிஷ்

முதலில் மயிலாப்பூர். சித்திரக்குளம் பக்கம் குடியிருக்கும் மாமி, பவழ நிறக் கண்ணாடி மணி மாலையைப் போட்டுக்கொண்டே கதவைத் திறந்தார். மாலையை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. நூல் மட்டம் என்று சொல்ல வாய் வராமல், "பாலிஷ் போட்டுத் தருகிறேன், இலவசம்தான்" என்று உளறினேன்.

மாமி மாலையைக் கழற்றவும் இல்லை, என்னை உள்ளே கூப்பிடவும் இல்லை. மூக்குக்கண்ணாடியை இறக்கி என்னை மேலும் கீழும் அளந்தார். அதற்கு மேல் தாங்காமல் உண்மையைக் கொட்டிவிட்டேன். மாமி கொக்கியை அவிழ்த்து மாலையை என் கையில் வைத்தார்.

"கண்ணாடி மணிக்கு ஏதுடி பாலிஷ்? நூல் சரியில்லேன்னு நேரா சொல்லிண்டு வரப்படாதோ, நான் என்ன உன்னைக் கடிச்சா தின்னுடுவேன்?"

படிக்கட்டில் கைமாற்று

அடுத்தது தேனாம்பேட்டையில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கும் பெண். இந்த முறை பொய் சொல்வதில்லை என்று முடிவு செய்து, போனிலேயே விஷயத்தைச் சொன்னேன். மேலே வராதீர்கள், மூன்றாம் மாடிப் படிக்கட்டில் நில்லுங்கள் என்றாள். லிஃப்ட் இருக்கிற கட்டடத்தில் படிக்கட்டில் நிற்பவளை எல்லோரும் ஒரு மாதிரி பார்த்தார்கள்.

கைக்குட்டையில் சுருட்டிய மாலையோடு வந்தாள். கோபமாக இருக்கிறாள் என்று நினைத்து, "மன்னிச்சுக்கோம்மா, இந்தத் தடவை..." என்று ஆரம்பித்ததும் உதட்டில் விரலை வைத்தாள்.

"மெதுவா பேசுங்கக்கா, இதை நான்தான் செஞ்சேன்னு ஆபீஸ் பூரா சொல்லி வெச்சிருக்கேன். நல்ல நூலா போட்டுக் குடுங்க, என் பேரு கெட்டுடும்."

நிச்சயதார்த்த வீட்டில் அழையா விருந்தாளி

சாந்தோமில் ஒரு டீச்சரம்மா. ஒன்றாம் வகுப்பு எடுப்பவர். வீட்டில் போய் விசாரித்தால், மகளுக்கு நிச்சயதார்த்தம், எல்லோரும் மாதா கோயில் ஹாலில் இருக்கிறார்கள் என்றார் பக்கத்து வீட்டுக்காரர். இதற்கென்றுதான் அந்த முத்து வெள்ளை மாலையைச் சொல்லிச் செய்து வாங்கியிருந்தார்.

ஹாலுக்கு வருகிறவர்கள் எல்லாம் அவரைக் கட்டிப்பிடித்து வாழ்த்தினார்கள். ஒவ்வொரு தழுவலுக்கும் நான் தரையைப் பார்த்தேன். சம்பந்தி அம்மாளின் கொண்டை ஊசி மாலையில் மாட்டிக்கொண்டபோது என்னையறியாமல் ஓடிப்போய் இரண்டு கையாலும் மாலையைப் பிடித்துவிட்டேன். சம்பந்தி வீட்டார் என்னைத் திருடியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். டீச்சர் என்னை ஒரு மூலைக்குத் தள்ளிக்கொண்டு போனார். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தபடி ரவிக்கை ஓரத்தைத் திருப்பிக் காட்டினார். மாலை நெடுக நாலு ஊக்கு.

"என் கிளாஸ் பிள்ளைங்க இழுக்காத மாலையா? எதைப் போட்டாலும் ஊக்கு குத்தித்தான் போடுவேன், நீ போய் பிரியாணி சாப்பிடு."

நாலாவது கழுத்து

பிரியாணி இறங்கவில்லை. மிச்சம் இருந்தது செல்வி. ஊரூர் குப்பத்தில் மீன் விற்பவர், என் வயதுதான் இருக்கும். பெசன்ட் நகரில் நான் கடை போட்டிருந்தபோது ஒரு மாலையைக் கையில் எடுத்தவர் வைக்கவே இல்லை. நீல மணிகளுக்கு நடுவே ஒரே ஒரு வெள்ளை மணி, அதுவும் நடுவில் இல்லாமல் இடது பக்கம் ஒதுங்கி இருக்கும். பார்த்தவர்கள் எல்லாம் தப்பாகக் கோர்த்துவிட்டாய் என்றார்கள். எங்கே வைப்பது என்று மூன்று நாள் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்த மணி அது.

போய்ச் சேர்ந்தபோது செல்வி குனிந்து வஞ்சிரம் வெட்டிக்கொண்டிருந்தார். கழுத்தில் மாலை ஆடியது. அப்பாடா என்று விஷயத்தைச் சொன்னேன். அவர் கத்தியை நிறுத்தாமல், "அது எப்பவோ அந்துபோச்சேக்கா" என்றார். சந்தை நேரத்தில், வாடிக்கையாளர்கள் நிற்கும்போது, மீன் கூடைக்குள் கொட்டியதாம். ஐஸைக் கிளறிப் பொறுக்கி, தூண்டிலுக்குப் போடும் நைலான் நரம்பில் திரும்பக் கோர்த்திருக்கிறார். நான் பயந்ததெல்லாம் பல நாளுக்கு முன்பே நடந்து முடிந்திருந்தது. ஊசியைத் தூக்கிப் போட வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

கிட்டே போய்ப் பார்த்தேன். வெள்ளை மணி இடது பக்கமே இருந்தது. மேலே இருபது நீலம், கீழே நடுவரை ஐந்து, ஒன்றுகூடப் பிசகவில்லை. அதை ஏன் நடுவில் வைக்கவில்லை என்று கேட்டேன். செல்வி முதல்முறையாகக் கத்தியைக் கீழே வைத்தார்.

"நூலுதான்க்கா உன்னுது மட்டம். எந்த மணி எங்க இருந்திச்சோ அங்கதான் வெச்சிகீறேன். அத்த நடுவுல வெச்சா அது வேற மாலை ஆயிடும்ல."

இப்போது நானும் தூண்டில் நரம்பில்தான் கோர்க்கிறேன். நூல் அறுமோ என்ற கவலை ஒழிந்து, வழவழப்பான நரம்பில் முடிச்சு அவிழுமோ என்ற கவலை வந்து சேர்ந்திருக்கிறது.