படகிலை ஏறாத மூண்டாவது ஆள்

போன வருசம் ஆடி மாசம் நான் செத்துப்போவன் எண்டுதான் நினைச்சனான். நோர்வேயிலை பேர்கன் துறைமுகத்துக்கு வெளியிலை, கரை தெரியாத கடல். சுக்கான் முறிஞ்ச ஒரு பாய்ப்படகு. அதுக்குள்ளை நானும் ஊலாவும். ஊலா என்ர முதலாளி, ஒஸ்லோவிலை படகு திருத்திற யார்ட் வைச்சிருக்கிறார். நான் பள்ளிக்கூடத்தைப் பாதியிலை விட்டிட்டு அவரிட்டை வேலைக்குப் போனவன். கோயிலுக்கு வாற உங்களுக்கு என்னை நல்லாத் தெரியும். அன்னதானத்திலை பக்கத்து இலை வடையை எடுக்கிற ஆள்.

மூண்டு பேர் ஷெட்லாண்ட் தீவுக்குப் போறதாத்தான் இருந்தது. மூண்டாவது ஆள் சுதன், சின்ன வயசிலையிருந்து என்ர கூட்டாளி. வெளிக்கிடுறதுக்கு முதல் நாள் போன் எடுத்தான்.

“மச்சான், முதுகு பிடிச்சுப்போட்டுது. நான் வரேல்லை.”

“உனக்கு முதுகெலும்பு எண்டு ஒண்டு இருக்கே?”

“பகிடி விடாதை. நான் கரையிலை இருந்து உங்களைப் பாத்துக்கொள்ளுறன்.”

படகிலை கையளவு சற்றலைட் கருவி ஒண்டு இருந்தது. அது நாங்கள் நிக்கிற இடத்தை அடிக்கடி மேலை அனுப்பும். கரையிலை ஒரு லிங்கைத் திறந்தா வரைபடத்திலை புள்ளி புள்ளியாத் தெரியும். அதாலை செய்தியும் அனுப்பலாம். எங்கட செய்தி போறது சுதன்ர போனுக்கு மட்டும்தான். அந்தப் பொறுப்பை அவனே கேட்டு வாங்கினவன்.

காத்து ஏறிச்சுது. சுக்கான் முறிஞ்சுது. ரேடியோ கரைக்கு எட்டேல்லை. கருவியிலை இருக்கிற எஸ்ஓஎஸ் பொத்தானை அமத்துவமோ எண்டு கேட்டன். “படகு தாழேல்லையே. ஆரும் வந்து இழுத்துக்கொண்டு போனாக் காணும், சுதனுக்குச் சொல்லு” எண்டார் ஊலா. நான் அடிச்சன்: சுக்கான் போட்டுது, மீட்புப் படகைக் கூப்பிடு, சத்தியமாப் பகிடி இல்லை.

பதில் வந்தது. “ஓம் மச்சான், சொல்லுறன்.”

அந்த வார்த்தையை நம்பித்தான் நாங்கள் இருந்தனாங்கள். ஆரும் வரேல்லை. திரும்பக் கேட்டன், பதில் இல்லை. அலை பெருத்துது. ஊலா விழுந்து கையை முறிச்சுப்போட்டார். உள்ளுக்குத் தண்ணி வரத் தொடங்கிச்சுது. இனிப் பொறுக்கேலாது, எஸ்ஓஎஸ் அமத்துவம் எண்டு கருவியைக் கையிலை எடுத்தன். ஒரு அலை வந்து அதைப் பறிச்சுக்கொண்டு போட்டுது.

அப்ப அழுதன். வாளியாலை தண்ணி இறைச்சு இறைச்சுக் கும்பிட்டன். முருகா, உன்னட்டை நான் ஒருநாளும் ஒழுங்காக் கேட்டதில்லை. சுதன் ஏன் பேசாமல் இருக்கிறான்? அவனை எழுப்பு. வேறை ஒண்டும் வேண்டாம், அவனை எழுப்பிவிடு.

முருகன் அவனை எழுப்பேல்லை. ஆனா மீட்புப் படகு வந்தது. எங்களை ஏத்தினவர் கேட்ட முதல் கேள்வி, “மூண்டாவது ஆள் எங்கை?”

“நாங்கள் ரெண்டு பேர்தான்.”

அவர் நம்பேல்லை. மேலை ஹெலிகொப்டரும் வந்து கடலைத் தேடிக்கொண்டு நிக்குது. “சுதன் எண்டவர் எங்கை? அவரின்ர மனுசிதானே எங்களைக் கூப்பிட்டவ” எண்டார். பிறகு சுதன்ர மனுசி நிலானி அக்காவுக்கு எடுத்து என்னட்டைப் போனைத் தந்தார்.

“தம்பி, அவர் எங்கை?”

“அக்கா, அவர் படகிலை ஏறவே இல்லை. முதுகு நோ எண்டு சொன்னவர்.”

“விசர்க்கதை கதையாதை. அந்த லிங்கை எனக்குத் தந்ததே அவர்தானே. புள்ளி போற இடத்திலை நான் நிப்பன் எண்டு சொல்லிப்போட்டுப் போனவர்.”

பிறகுதான் எல்லாம் தெரிஞ்சுது. சுதன் அப்ப கொப்பன்ஹேகனிலை, வேறை ஒருத்தியோடை. என்ர செய்தியை வாசிச்சவன். மீட்புக்கு எடுத்தா, ஆர் ஆர் படகிலை எண்டு கேப்பினம், வீட்டுக்குத் தெரிய வரும் எண்ட பயம். எனக்கு ஓம் எண்டு அடிச்சுப்போட்டுப் போனை மூடிப்போட்டான். அக்கா ஒஸ்லோவிலை, ரொம்சோஸ் வீட்டிலை சாமிப்படத்துக்கு முன்னாலை இருந்து புள்ளியைப் பாத்துக்கொண்டிருந்திருக்கிறா. புள்ளி போற வழியை விட்டு இழுபட்டுது, பிறகு நிண்டுபோச்சுது. புருசனைக் காப்பாத்து எண்டு கும்பிட்டுப்போட்டு மீட்புக்குப் போன் எடுத்திருக்கிறா.

அண்டைக்குப் போனிலை, அவர் ஏறேல்லை எண்டு திரும்பவும் சொன்னன். அக்கா கேட்டா, “அப்ப நான் ஆருக்காகத் தம்பி கும்பிட்டனான்?”

எனக்கு வாயிலை பகிடி வரேல்லை. “எங்களுக்காக, அக்கா” எண்டன்.

சுதனை மன்னிச்சிட்டியோ எண்டு கேக்கிறியள். இல்லை. அதையும் முருகனிட்டைச் சொல்லியிருக்கிறன், அவரும் அவசரப்படுத்தேல்லை. அவன் கோயிலுக்கு வந்தா நான் மற்றப் பக்கத்தாலை சுத்திறன். ஆனா வெள்ளிக்கிழமை தவறாமல் வாறன். நிலானி அக்காவின்ர பேரிலை அருச்சனை செய்யிறன். பகிடி விடுறனான்தான், ஆரும் உதவி எண்டு கேட்டா அது பகிடியோ எண்டு பாக்கிறேல்லை, உடனை போவன்.

கூட்டாளியிட்டை ஏமாந்தவை, கட்டினவரிட்டை ஏமாந்தவை இதிலை இருப்பியள். நீங்களும் கும்பிடுங்கோ. ஆரின்ர பேர் சொல்லிக் கேட்டாலும் பரவாயில்லை. அது சேரவேண்டிய ஆளிட்டை முருகன் சேர்ப்பார். எனக்குச் சேர்ந்தது.