சிக்கெடுத்தது நானில்லை

அந்தத் தூண்டில் கம்பு எங்கள் கம்பெனி ஆபீஸ் மூலையில், சாம்பிள் பனியன்கள் தொங்கும் ஸ்டாண்டுக்குப் பின்னால் சாத்தி வைக்கப்பட்டிருந்தது. கறுப்புக் கம்பு, கைப்பிடிக்குப் பக்கத்தில் நைலான் நரம்பு சுற்றிய சக்கரம், நுனியில் சிவப்பும் வெள்ளையுமாக எலுமிச்சம்பழ அளவில் ஒரு தக்கை. வெளிநாட்டு பையர் சார்பில் சரக்கைப் பார்வையிட வரும் குவாலிட்டி மேனேஜர் ஊருக்குக் கிளம்பும்போது என்னிடம் கொடுத்துவிட்டுப் போனது அது. ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்குக்கு வாங்கி, வீசும்போதெல்லாம் நரம்பு சிக்கிக்கொண்டதில் மனிதர் நொந்துபோயிருந்தார். அடுத்த முறை வருவதற்குள் இதை ஒரு வழி பண்ணி வை என்று சிரித்தார். இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். நான் திருப்பூர் வீரபாண்டியில் இருந்த அந்தக் கம்பெனியில் செக்கிங் செக்‌ஷன் சூப்பர்வைசர். முருகனுக்குக் காவடி எடுக்கும் நெசவுக் குடும்பத்தில், மீன் வாசமே ஆகாத வீட்டில் வளர்ந்தவன். ஆனாலும் பையர் ஒன்றைக் கேட்டுவிட்டால் முடியாது என்று சொல்லும் பழக்கம் எங்கள் ஊரில் யாருக்கும் கிடையாது.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் கம்பெனிக்குப் பின்னால் இருந்த காலி இடத்தில் நின்று வீசிப் பழகினேன். வேப்பமர நிழலில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் செக்கிங் பெண்களுக்கு நான்தான் வேடிக்கை. “ஏனுங் சார், மீனு மாட்டுச்சுங்களா, இல்ல மரந்தான் மாட்டுச்சுங்களா?” என்று ஒருத்தி கேட்பாள், மற்றவர்கள் சிரிப்பார்கள். அந்தத் தக்கை நரம்போடு கட்டப்பட்டதல்ல. நடுவில் இருக்கும் துளை வழியாக நரம்பு ஓடும். எவ்வளவு ஆழம் வேண்டுமோ அந்த இடத்தில் நரம்பின் மேல் ஒரு நூல் முடிச்சு, அதற்குக் கீழே ஒரு பாசிமணி. ஓடிவரும் தக்கை அங்கே முட்டி நின்றுவிடும். இதெல்லாம் கம்போடு வந்த காகிதத்தில் இருந்த படத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டேன். ஆனால் பலங்கொண்ட மட்டும் வீசினால் தக்கை முன்னால் பாயும், தூண்டில் முள் பின்னால் சுழன்று வந்து நரம்பையும் தக்கையையும் சேர்த்துப் பின்னிக்கொள்ளும். நான் சட்டைப் பையிலிருந்து நூல் வெட்டும் ட்ரிம்மரை எடுத்துச் சிக்கை வெட்டி எறிவேன். பனியனில் நூல் நீட்டிக்கொண்டிருந்தால் வெட்டு, அடுத்ததை எடு என்பதுதான் நான் அறிந்த ஒரே தொழில்.

அப்படி வெட்டப்போன ஒரு நாள் அக்கா டிபன் பாக்ஸை மூடிவிட்டு எழுந்து வந்தார். அக்கா என்றால் என்னைவிட ஒரு வயது கூட மூத்தவர் இல்லை. செக்கிங்கில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவோம். தாமிரபரணிக் கரையில் பிறந்தவர், புருஷனோடும் மகளோடும் பிழைக்க வந்தவர். பீஸை விரித்தால் அவர் கண்ணுக்குத் தப்பும் பிழை கிடையாது. “சிக்கை வெட்டிக்கிட்டே இருந்தா எப்படி சார் தீரும்? ஏன் சிக்குதுன்னு பாக்கணும்லா?” என்று கம்பை வாங்கிக்கொண்டார்.

அப்புறம் நாலு நாள் மதியம் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. என்னை வீசச் சொல்லிவிட்டுப் பக்கவாட்டில் நின்று பார்ப்பார். தக்கை கனம், ஈயம் லேசு, அதனால்தான் தக்கை முந்துகிறது என்றார். தக்கைக்குக் கீழே பெரிய ஈயக்குண்டாக மாற்றினார். ஈயத்துக்குக் கீழே முழ நீளத்துக்குத் தொங்கிய, முள் கட்டிய நரம்பை ஒரு சாணாகக் குறைத்தார். நான் தடித்த நூலில் போட்டிருந்த முடிச்சு கம்பின் வளையங்களில் மாட்டுவதைக் கண்டு, ஓவர்லாக் மெஷினில் ஓடும், பஞ்சு போன்ற உல்லி நூலால் மெத்தென்று வேறு முடிச்சுப் போட்டார். பாசிமணி மகளுடைய அறுந்த மாலையிலிருந்து வந்தது. “வெடுக்குனு சுண்டாதிய சார். தொட்டில ஆட்டுத மாதிரி வீசுங்க” என்றார். கடைசியாக ஒன்று கண்டுபிடித்தார். தக்கை கீழே இறங்கும்போது சக்கரத்தில் ஓடும் நரம்பை விரலால் லேசாகத் தொட வேண்டும். தொட்டால் தக்கை தயங்கும், முள் அதைத் தாண்டி முன்னால் போய் நேராக விழும். அன்று இருபது முறை வீசினேன். ஒரு முறைகூடச் சிக்கவில்லை. பெண்கள் கை தட்டினார்கள்.

அந்தச் சந்தோஷத்தில்தான் அக்கா என்னிடம் கேட்டார். பையர் கம்பெனி திருப்பூரிலேயே ஒரு ஆபீஸ் போடப்போகிறது, எங்கள் ஃப்ளோரிலிருந்து ஒரு ஆளை குவாலிட்டி வேலைக்கு எடுக்கப்போகிறது என்ற பேச்சு எல்லோர் காதிலும் விழுந்திருந்தது. “நான் பன்னெண்டாவது முடிச்சிருக்கேன் சார். நம்மளப் பத்தி அவருகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க. ஸ்டிக்கர் ஒட்டுதவளாவே இருந்துரக் கூடாதுன்னு பாக்கேன்.” பிழை இருக்கும் இடத்தில் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவதுதான் அவர் வேலை. “கண்டிப்பாச் சொல்றனுங்கக்கா” என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

மேனேஜர் வந்ததும் ஞாயிற்றுக்கிழமை தாராபுரத்துக்கு அழைத்துப் போனேன். அமராவதியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நான் வீசிக் காட்டினேன். அவர் வாயைப் பிளந்துவிட்டார். குழந்தை மாதிரி கம்பைப் பிடுங்கி, வீசி, மறுபடி வீசி, யார் கண்டுபிடித்தது என்று கேட்டார். நான்தான் என்றேன். சும்மா ஒரு ஜம்பத்துக்கு வாயில் வந்துவிட்டது. ஆனால் அவர் கம்பைக் கீழே வைத்துவிட்டு, இப்படிக் காரணத்தைத் தேடுகிற ஆள்தான் என் ஆபீஸுக்கு வேண்டும் என்றார். திருத்திச் சொல்ல அப்போதும் நேரம் இருந்தது. ஆற்றங்கரையில் நாங்கள் இரண்டு பேர்தான், ஒரு வாக்கியம் போதும். நான் நன்றி சொன்னேன்.

மறுநாள் ஃப்ளோரில் எல்லோரையும் நிறுத்தி அவர் ஆங்கிலத்தில் பேசினார். தமிழில் சொல்ல வேண்டியவன் நான். சிக்கை இவன் எப்படித் தீர்த்தான் தெரியுமா என்று அவர் ஆரம்பித்தார். நான், “சார் உங்க வேலையெல்லாம் ரொம்ப நல்லா இருக்குதுன்னு சொல்றாருங்க. என்னைய அவங்க ஆபீசுக்கு எடுத்துக்கறாங்களாமா” என்றேன். மனிதர் அதோடு விட்டிருக்கலாம். கையில் கம்பு இருப்பது போல் பாவித்து, மெதுவாக வீசி, சுட்டுவிரலை நீட்டி இல்லாத நரம்பைத் தொட்டுக் காட்டினார். பிறகு என் தோளில் தட்டினார். மூன்றாவது மேஜைக்குப் பின்னால் நின்றிருந்த அக்கா அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆங்கிலத்தில் பேசினால் அவருக்குப் புரியாது என்ற தைரியத்தில்தான் நான் நின்றுகொண்டிருந்தேன். எல்லோரும் கை தட்டினார்கள். அவரும் தட்டினார்.

ஏழெட்டு மாதத்தில் அக்கா குடும்பத்தோடு ஊருக்கே திரும்பிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். விலாசத்தை விசாரித்திருக்கலாம். விசாரிக்கவில்லை. இன்று எனக்குக் கீழே பத்துப் பேர் வேலை செய்கிறார்கள். பிழையை யார் கண்டுபிடித்தாலும் அவர் பெயரை ரிப்போர்ட்டில் எழுத வேண்டும் என்று கண்டிப்பாக இருக்கிறேன். நல்லவர் என்கிறார்கள். கேட்கக் கூசுகிறது.

ஃப்ளோரில் எல்லோரும் கை தட்டிய அன்று மதியம் அக்கா என்னிடம் வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன்; திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். பீஸில் பிழை கண்டால் இருக்கும் அதே அமைதியான முகம். “சார், அவருக்கு விரலு முந்திருது. தண்ணிக்கு ஒரு சாண் மேல வரும்போது தொட்டாப் போதும். சொல்லிருங்க, பாவம், தூரம் போவாது” என்றார். சொல்கிறேன் என்றேன்.

சொல்லியிருந்தால் யார் கவனித்தது என்று மேனேஜர் கேட்டிருப்பார். அதன் பிறகு நாங்கள் ஏழெட்டு முறை அமராவதிக்குப் போனோம். ஒவ்வொரு முறையும் அவர் விரலை முந்தித்தான் வைத்தார். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.